மூங்கில் குச்சியில் ஒரு கணக்கு

மென்பொருள் துறையில் இருப்பவர்கள் கூடிப் பேசும் இடங்களில் சமூக அறிவியல் நூல்களின் பெயர் அடிபடுவது அபூர்வம். விதிவிலக்காக ஒரு புத்தகம் மட்டும் எப்படியோ உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது. 1998-இல் வெளிவந்த ஜேம்ஸ் ஸ்காட்டின் ‘சீயிங் லைக் எ ஸ்டேட்’. யாராவது ஒரு பெரிய சிஸ்டத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு அழகாக, சீராக, புதிதாக எழுதலாம் என்று ஆரம்பித்தால் போதும், இன்னொருவர் “ஜெர்மன்காரன் காடு வளர்த்த கதை தெரியுமா?” என்பார். முழுப் புத்தகத்தையும் அவர் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை. முதல் அத்தியாயத்தின் முதல் பத்துப் பக்கங்களில் வரும் கதை அது. அந்தப் பத்துப் பக்கத்தை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். அதைப் பற்றித்தான் இங்கே கொஞ்சம் சண்டை போடவேண்டியிருக்கிறது.

கதை சுருக்கமாக இது. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரஷ்யாவும் சாக்சனியும் தங்கள் காடுகளிலிருந்து ஆண்டுதோறும் எவ்வளவு மரம், அதாவது எவ்வளவு வருமானம் வரும் என்று துல்லியமாக அறிய விரும்பின. மாதிரிக்கு ஒரு துண்டுக் காட்டை எடுத்துக்கொண்டு, ஆட்கள் வரிசையாகப் பக்கம் பக்கமாக நடந்து போவார்கள். ஒவ்வொருவர் கையிலும் தடுப்புகள் வைத்த பெட்டி, அதில் ஐந்து நிறங்களில் ஆணிகள். மரத்தின் பருமனைக் கண்ணால் மதிப்பிட்டு அந்த வகைக்குரிய நிற ஆணியை அடித்துவிட்டு நகரவேண்டும். கடைசியில் பெட்டியில் மிஞ்சிய ஆணிகளை மொத்தத்திலிருந்து கழித்தால் மரக்கணக்கு வந்துவிடும். எந்த மரமும் இருமுறை எண்ணப்படாது, எதுவும் விடுபடாது. பொறியாளனாக எனக்கு இந்த இடத்தில் கைதட்டத் தோன்றும். ஸ்காட்டுக்கு முதுகு சில்லிடும்.

ஏனென்றால் அடுத்த கட்டம், கணக்குக்குப் பொருந்துகிற மாதிரி காட்டையே மாற்றுவது. கலவையான பழைய காட்டை வெட்டிவிட்டு, ஒரே வயதுடைய ஸ்ப்ரூஸ் மரங்களை நேர்வரிசையில் நட்டார்கள். நூறு ஆண்டில் முதிரும் மரம் என்றால் காட்டை நூறு துண்டாக்கி ஆண்டுக்கு ஒரு துண்டை வெட்டி, அங்கேயே மறுபடி நடவேண்டும். வரவு ஒருநாளும் நிற்காது. முதல் சுழற்சி அமோகம். பழைய காடு மண்ணில் சேர்த்து வைத்திருந்ததைத் தின்று அந்த மரங்கள் வளர்ந்தன என்பது இரண்டாவது சுழற்சியில்தான் தெரிந்தது. விளைச்சல் இறங்கியது, பூச்சி வந்தது, புயலில் வரிசை வரிசையாகச் சாய்ந்தது. தப்பு நடந்த நாளுக்கும் அது தெரியவந்த நாளுக்கும் நடுவே ஒரு நூற்றாண்டு.

இதைச் சொல்லும் ஸ்காட்டின் உரைநடைக்கு ஈடு சொல்வது கஷ்டம். அரசின் கண்ணில் காடு என்பது விறகாகவும் கட்டுமரமாகவும் சுருங்குவதை, அதிலிருந்து காணாமல் போகிறவற்றின் பட்டியலாகவே எழுதிக் காட்டுகிறார்: தீவனம், கூரை வேயும் தழை, மூலிகை, பழம், பிசின், வேட்டை, ஒளிந்துகொள்ள இடம். ஆனால் கதை ரொம்பவும் வழுக்கிக்கொண்டு போகிறது. ஸ்காட்டே இதை ஒரு நீதிக்கதை போல எடுத்துக்கொள்ளலாம் என்கிறார். நீதிக்கதை ஆக்கவேண்டுமென்றால் சில விஷயங்களை வெளியே விட்டுத்தான் ஆகவேண்டும். அப்படி விடப்பட்டவைதான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன.

முதலாவது, இந்தச் சிந்தனை எங்கே தொடங்கியது என்பது. ‘நீடித்த பயன்பாடு’ என்ற கருத்தை அச்சில் முதலில் வைத்தவராகச் சொல்லப்படுபவர் ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ். ‘சில்விகல்சுரா எகனாமிகா’ என்ற அவருடைய நூல் 1713-இல் லைப்சிக்கில் வெளிவந்தது. அவர் வனக்காரர் இல்லை. சாக்சனியின் ஃப்ரைபெர்க்கில் சுரங்க நிர்வாகத்தின் உச்சியில் இருந்த அதிகாரி. எர்ட்ஸ்கெபிர்கெ மலையில் வெள்ளி வெட்டி எடுத்தார்கள். வெள்ளியை உருக்கக் கரி வேண்டும், கரிக்கு மரம் வேண்டும், மலையோ மொட்டையாகிக்கொண்டிருந்தது. வளர்வதற்கு மேல் வெட்டாதே என்ற கொள்கை பிறந்தது உலைக்களத்தின் கவலையில். காட்டின் மேல் வைத்த பாசத்துக்கு அதில் வேலையே இல்லை. இதைச் சொல்லிக் கார்லோவிட்ஸைச் சின்னவராக்க முயலவில்லை. எதை நீடிக்க வைக்க ஆசைப்பட்டார்கள் என்ற கேள்வியை அந்தச் சொல்லோடு சேர்த்தே வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது, கணக்குப் பார்க்க அதிகாரி வருவதற்கு முன் அந்தக் காடு எப்படி இருந்தது? ஸ்காட்டைப் படிக்கையில், குடியானவர்களும் மரங்களும் ஒத்து வாழ்ந்த ஒரு செழுமையை ஆணிப்பெட்டிக்காரர்கள் வந்து கலைத்ததாக மனதில் பதிந்துவிடுகிறது. உண்மையில் மத்திய ஐரோப்பாவின் காடுகளில் கணிசமான பகுதி அதற்குள் தேய்ந்துபோயிருந்தது. சுரங்கம், கண்ணாடிச் சூளை, உப்புக் காய்ச்சுதல் ஒரு பக்கம். மாட்டுத் தொழுவத்தில் பரப்புவதற்காக ஆண்டுதோறும் காட்டுச் சருகை வாரிக்கொண்டு போன குடியானவர்கள் இன்னொரு பக்கம். சருகு போனால் மண்ணின் சத்தும் போகும். அப்படி இளைத்த மண்ணில் ஓக்கும் பீச்சும் எளிதில் வராது, பைனும் ஸ்ப்ரூஸும் வரும் என்பதும் அவற்றை நட்டதற்கு ஒரு காரணம். இன்று ஜெர்மனியின் நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு காடு. அந்த வறட்டுக் கணக்குக்காரர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

மூன்றாவது, ஒரு சொல். ஒற்றைப்பயிர்க் காடுகளின் சீரழிவைக் குறிக்கத்தான் ‘வால்ட்ஷ்டெர்பென்’, அதாவது காட்டுச்சாவு, என்ற சொல் ஜெர்மன் மொழிக்குள் வந்ததுபோல ஸ்காட் எழுதுகிறார். அந்தச் சொல் ஊரெல்லாம் பரவியது 1980-களில், ஆலைப்புகையும் அமில மழையும் பற்றிய பீதியில். அப்போது சொல்லப்பட்ட அளவுக்குக் காடு சாகவும் இல்லை. நூறாண்டு இடைவெளி உள்ள இரண்டு துயரங்களை ஒரே சொல்லில் கட்டினால் வாசகனுக்குச் சிலிர்க்கும். ஆனால் காரணம் தவறாகிவிடும்.

நான்காவதுதான் என்னை ரொம்ப நாள் உறுத்தியது. ஒற்றைப்பயிருக்கு எதிர்ப்பு ஜெர்மன் வனவியலுக்குள்ளேயே எழுந்தது. 1922-இல் எபர்ஸ்வால்டெ பேராசிரியர் ஆல்ஃப்ரெட் மோல்லர் ‘தாவர்வால்ட்’, நிரந்தரக்காடு, என்ற கருத்தை முன்வைத்தார். காடு ஓர் உயிர்; மொத்தமாக வெட்டாதே, தனித்தனி மரமாகத் தேர்ந்தெடு, மண்ணை ஒருபோதும் வெறுமையாக விடாதே. இன்றைய சூழலியலாளர் யாரும் ஆட்சேபிக்க முடியாத வரிகள். 1934 வாக்கில் இதை அரசுக் கொள்கையாக்கியவர் யார் தெரியுமா? ஹெர்மன் கோரிங். கலப்புக்காடும் உயிர்முழுமையும் அந்த ஆட்சியின் இரத்த-மண் பேச்சோடு வசதியாகப் பொருந்திப்போயின. சில ஆண்டுகளிலேயே, போர்த் தயாரிப்புக்கு மரம் தேவைப்பட்டதும், கொள்கையைச் சத்தமில்லாமல் கைவிட்டார்கள். நேர்வரிசைக் காடு என்றால் சர்வாதிகாரம், கலப்புக்காடு என்றால் ஜனநாயகம் என்கிற, ஸ்காட்டை மேற்கோள் காட்டுபவர்கள் (ஸ்காட் இல்லை) போடும் சமன்பாடு இங்கே உடைகிறது.

இத்தனைக்குப் பிறகும் ஸ்காட்டின் மையமான உள்ளுணர்வு சரிதான். 2018 தொடங்கி மூன்று ஆண்டு வறட்சியில் ஹார்ட்ஸ் மலையின் ஸ்ப்ரூஸ் காடுகள் பட்டைவண்டுக்கு இரையாகிப் பழுப்பாக நின்ற படங்களைப் பார்த்திருப்பீர்கள். அங்கேயும் ஆரம்பம் சுரங்கம்தான். இரண்டாம் உலகப்போருக்குப் பின் இழப்பீடாகப் பெருமளவில் வெட்டப்பட்ட இடங்களில், கையில் கிடைத்த ஸ்ப்ரூஸை அவசரமாக மறுபடி நட்டார்கள். 2024-இல் வெளியான ஜெர்மன் காட்டுக் கணக்கெடுப்பின்படி, அந்நாட்டுக் காடுகள் 2017-க்குப் பின் சேமித்ததைவிட அதிகக் கரிமத்தை இழந்திருக்கின்றன. நீடித்த பயன்பாடு என்ற சொல்லைக் கண்டுபிடித்த தேசத்தில்.

சொல் என்றதும் ஒன்று. நம் அரசு ஆவணங்களில் ‘நிலையான வளர்ச்சி’, ‘நீடித்த மேலாண்மை’ என்று எழுதுகிறோம். இலங்கைத் தமிழில் ‘பேண்தகு’ என்பார்கள். எனக்கு இரண்டாவதே பிடித்திருக்கிறது. ‘நிலையான’ என்று சொன்னால் அது தானாக நிற்பதுபோலத் தோன்றும். ‘பேண்தகு’ என்றதும் பேணுகிறவர் யார் என்று கேட்டாகவேண்டும்.

அந்தக் கேள்வியோடு இந்தியாவுக்கு வந்தால், முதலில் எதிர்ப்படுபவர் டீட்ரிஷ் பிராண்டிஸ். பான் நகரத்துக்காரர், தாவரவியலாளர். 1856-இல் பர்மாவின் பெகு தேக்குக் காடுகளுக்குப் பொறுப்பேற்றார். 1864-இல் இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைவர் ஆனார். அவருக்குப் பின் அந்த நாற்காலியில் அடுத்தடுத்து உட்கார்ந்த ஷ்லிக், ரிப்பென்ட்ரோப் இருவரும் ஜெர்மானியர்களே. பிராண்டிஸ் பர்மாவில் தேக்கை எண்ணிய முறை வேடிக்கையானது. ஆணிப்பெட்டிக்கு அங்கே வழியில்லை. யானைமேல் உட்கார்ந்து காட்டுப்பாதையில் போவார். இடது கையில் மூங்கில் துண்டுகள், பருமன் வகைக்கு ஒன்று. வலது கையில் கத்தி. இருபுறமும் கண்ணில் படும் ஒவ்வொரு தேக்குக்கும் அதற்குரிய மூங்கிலில் ஒரு வெட்டு. இரண்டாம் வகை மரம் முதல் வகையாக எத்தனை ஆண்டு ஆகும் என்று கணித்து, அந்த வேகத்துக்கு மேல் முதல் வகையை வெட்டக்கூடாது என்று விதி செய்தார். காட்டை மாற்றி நடாமலே கணக்குக்குள் கொண்டுவந்துவிட்டார்! ஸ்காட்டின் கதையை எண்ணுவதே குற்றம் என்று வாசிக்கிறவர்களுக்கு நான் இந்த மூங்கில் குச்சியைத்தான் காட்டுவேன்.

ஆனால் அந்த மூங்கிலில் தேக்குக்கு மட்டுமே வெட்டு விழுந்தது. அந்தக் காட்டில் பயிர்செய்து வாழ்ந்த கரேன் மக்கள் கணக்கில் வந்தது தேக்கு நட உழைப்பாளியாகத்தான்.

சட்டம் எழுதும்போது இந்தப் பிரச்சினை வெளியே வந்தது. 1878-ஆம் ஆண்டு வனச் சட்டத்துக்கு முன் நடந்த விவாதத்தை ராமச்சந்திர குஹா மிக நன்றாக எழுதியிருக்கிறார். பேடன்-பவல் தரப்பு, பயிரிடாத நிலம் எல்லாம் சர்க்காருடையது என்றது. பிராண்டிஸ் நடுவில் நின்றார். கிராமங்களுக்கென்று தனிக் காடுகள் பரவலாக இருக்கவேண்டும் என்பது அவர் கட்சி. மூன்றாவது தரப்புதான் நமக்கு ஆச்சரியம். சென்னை வருவாய் வாரியம் 1871-இல், இந்த மாகாணத்தில் ஏதாவது ஒரு கிராமத்தின் எல்லைக்குள் வராத காடு அநேகமாக இல்லை, அண்மைக்காலம் வரை அரசு அவற்றில் சொத்துரிமை கொண்டாடியதும் இல்லை என்று எழுதியது. வெள்ளைக்கார வருவாய் அதிகாரிகள் எழுதியது இது! 1878 சட்டத்தைச் சென்னை அப்போது ஏற்கவில்லை. பிறகு 1882-இல் சென்னைக்கென்று தனிச் சட்டம் வந்தது; அதிலும் ‘ரிசர்வ்’ வந்துவிட்டது. பெயர் மாறி அதே சட்டம்தான் இன்றும் தமிழ்நாடு வனச் சட்டம். ‘காப்புக்காடு’ என்று அழகாக மொழிபெயர்த்தும் வைத்திருக்கிறோம்.

மாதவ் காட்கிலும் குஹாவும் சேர்ந்து எழுதிய ‘திஸ் ஃபிஷர்ட் லேண்ட்’ (1992) இந்த வரலாற்றின் முதன்மை நூல். அதில் எனக்கு ஒவ்வாத ஒரு பகுதி உண்டு. அகமணச் சாதிகள் ஒவ்வொன்றும் தனித்தனி இயற்கை வளத்தைப் பயன்படுத்தியதால் போட்டி குறைந்தது, அதனால் வளம் சிக்கனமாகக் கையாளப்பட்டது என்று ஒரு வாதம். சூழலியல் மாதிரியாக அது நேர்த்தியாக இருக்கலாம். ஆனால் குளத்துத் தண்ணீர் யாருக்கு, செத்த மாடு யாருக்கு என்று பிரித்தளித்த ஏற்பாட்டை ‘வளப் பங்கீடு’ என்று படிக்கத் தமிழ் வாசகனுக்கு மனம் ஒப்பாது. பங்கீடு என்றால் எல்லாரும் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். இங்கே பேசியது ஒரு தரப்பு. கார்லோவிட்ஸிடம் கேட்ட அதே கேள்வியை, எது நீடிக்கவேண்டும், யாருக்காக என்பதை, இந்த நூல் வெள்ளைக்காரனிடம் கேட்ட அளவுக்கு நம்மவர்களிடம் கேட்கவில்லை.

அந்த நூலின் பெருமதிப்பு மூங்கில் பற்றிய பக்கங்களில் இருக்கிறது. காட்கில் பிற்காலத்திலும் திரும்பத் திரும்பச் சொன்ன விஷயம் இது. வடகன்னட மாவட்டத்தின் தண்டேலியில் 1950-களின் இறுதியில் காகித ஆலை வந்தது. அதற்கு அரசு மூங்கில் கொடுத்த விலை டன்னுக்கு 1 ரூபாய் 50 காசு. அதே மூங்கில் கூடை முடைகிறவர்களுக்குச் சந்தையில் டன் 1500 ரூபாய் அளவில் விற்றது. காட்டின் மூங்கில் இருப்பைத் தாராளமாக மதிப்பிட்டுத்தான் ஆலைக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். மூங்கில் தீரத் தொடங்கியதும், ஊர்க்காரர்களின் மாடும் வெட்டுக்கத்தியும்தான் காரணம் என்றது ஒரு தரப்பு. ஆலைதான் என்றது மறுதரப்பு. 1970-களின் நடுவில் கர்நாடக அரசு காட்கிலை ஆராயச் சொன்னது.

வனத்துறையின் நெறிமுறைப்படி, மூங்கில் தூரைச் சுற்றிப் பின்னிக்கிடக்கும் முள்ளை வெட்டிச் சுத்தம் செய்யவேண்டும். நெரிசல் குறைந்தால் புதுக் குருத்து தாராளமாக வரும் என்பது கணக்கு. பாடப்புத்தகம் மாதிரி சுத்தமான யோசனை. ஊர்க்காரர்கள், “ஐயா, அந்த முள்ளுதான் குருத்துக்கு வேலி. அதை எடுத்தா மாடு தின்னுடும்” என்கிற பொருளில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். காட்கில் குழு தூர் தூராக உட்கார்ந்து குருத்துகளை எண்ணிப் பார்த்தது. ஊர்க்காரர்கள் சொன்னது சரி. முள் நீக்கிய தூர்களில் குருத்துகளைக் கால்நடைகளும் காட்டு விலங்குகளும் தின்று தீர்த்தன.

இதில் கவனிக்கவேண்டியது, ‘மண்ணின் அறிவு வென்றது, விஞ்ஞானம் தோற்றது’ என்ற தலைப்பை இதற்குக் கொடுக்க முடியாது என்பது. வென்றது எண்ணிக்கை. இன்னும் பொறுமையான, காட்டுக்குள் போய் உட்கார்ந்த, யாருடைய சந்தேகத்தைச் சோதிக்கிறோம் என்று கேட்டுக்கொண்ட எண்ணிக்கை. ஊர்க்காரன் சொன்னதை ஒரு கருதுகோளாகக்கூட மதிக்காமல் இருந்ததுதான் அதுவரை நடந்த தவறு. எங்கள் வேலையில் ‘யூசர் கம்ப்ளெயின்ட்’ என்று ஒதுக்கிவைக்கும் டிக்கெட்டுகளில் பாதி இந்த ரகம்.

இப்போது ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’. 2004-இல் வெளிவந்த இந்த நாவலைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் இரண்டாம் பாதியைப் பேசுகிறார்கள்: வீரப்பன் தேடுதல் காலத்தில் பழங்குடிகள்மீது நடந்த சித்திரவதை. பேசவேண்டியதுதான், மனித உரிமை வழக்கறிஞர் ஒருவர் நேரில் கேட்டறிந்ததன் பாரம் அதில் இருக்கிறது. ஆனால் அந்தப் பாரத்தில் முதல் பாதி அமுங்கிவிட்டது. அது ‘வன்முறைக்கு முந்தைய நல்ல காலம்’ என்ற பின்னணித் திரையாக வாசிக்கப்படுவதில் எனக்கு உடன்பாடில்லை. தேன், கிழங்கு, ராகி, வேட்டை, ஆட்டம், சாவு என்று நகரும் அந்தப் பக்கங்களில் நிலம் கைமாறுகிறது. காட்டுக்குள் போகவர அனுமதி தேவைப்படுகிறது. நேற்றுவரை வாழ்க்கையாக இருந்தது இன்று குற்றமாகிறது. போலீஸ் வேன் வருவதற்கு வெகு முன்பே, 1882-இன் சட்டம் தொட்டிக்குள் நடமாடிக்கொண்டிருக்கிறது. இரண்டாம் பாதியின் கொடூரம் வெளியிலிருந்து திடீரென்று வந்து விழுந்ததாக முதல் பாதியைக் கவனித்துப் படித்தவர் எண்ணமாட்டார்.

நாவல்மீது எனக்குக் குறையும் உண்டு. சோளகர்களுக்குக் காட்டின்மேல் உள்ள பக்தியை அது நன்றாகச் சொல்கிறது. காட்டைப் பற்றி அவர்களுக்குள் நடந்திருக்கக்கூடிய வாதத்தை அந்த அளவுக்குச் சொல்வதில்லை. எவ்வளவு தேன் விட்டுவைப்பது, எந்த மாதத்தில் தீ வைப்பது, யார் தவறாக வைத்தார் என்பதெல்லாம் பேணுகிறவர்களின் அன்றாடச் சச்சரவுகள். எல்லைக்கு அப்பால் பிலிகிரிரங்கன் மலையில் வாழும் இதே இனத்தவரான சோலிகர்களிடம் ‘தரகு பெங்கி’ என்ற வழக்கம் இருந்தது. சருகுத் தீ. கோடையின் தொடக்கத்திலேயே, சருகு மெலிதாக இருக்கும்போது, தாழ்வாக ஓடும் தீயை வைத்துவிடுவது. 1974-இல் அந்த மலை சரணாலயம் ஆனது, தீ தடைசெய்யப்பட்டது. அதன்பின் உண்ணிச்செடி காடெங்கும் மண்டியதற்கும், நெல்லி மரங்களில் புல்லுருவி ஏறியதற்கும் தீ நின்றதே காரணம் என்று சோலிகர்கள் சொல்லிவந்தார்கள். ஆய்வாளர்கள் சிலர் அதைத் தீவிரமாக எடுத்துக்கொண்டு நெல்லி மரங்களையும் உண்ணிப் புதர்களையும் அளந்தார்கள். தீ ஒன்றே காரணமா என்பதில் விவாதம் இருக்கலாம். தீ என்றாலே நாசம் என்ற வனத்துறைப் பாடம் மட்டும் பழையபடி நிற்கமுடியவில்லை. இந்த மாதிரி அறிவு வெறும் பக்தியில் வராது. தலைமுறை தலைமுறையாகக் கணக்குப் பார்த்தவர்களுக்கு வருவது. அதை நாவலாக எழுத இன்னும் இடம் இருக்கிறது.

1992 ரியோ மாநாட்டுக்குப் பிறகு காடு பேணலின் கொள்கைகள் வரையறைகளாகப் பெருகின. மான்ட்ரியால் செயல்முறை என்று ஒன்று, 1995-இல் 7 அளவுகோல்கள், 67 குறியீடுகள் என்று வைத்தது. பின்னர் அவர்களே 54-க்குக் குறைத்துக்கொண்டார்கள். கார்லோவிட்ஸிடம் ஒன்றுதான் இருந்தது என்பதால் இது முன்னேற்றமே. ஆனால் நம் நாட்டில் பத்திரிகைத் தலைப்புக்கு வருவது இன்னமும் ஒரே எண், ‘காட்டுப் பரப்பு’. இந்திய வன அளவை நிறுவனத்தின் வரையறைப்படி, ஒரு ஹெக்டேருக்கு மேல் பரப்பும் 10 சதவீதத்துக்கு மேல் மரக்கவிகையும் இருந்தால் அது காட்டுப் பரப்பு. யாருடைய நிலம், என்ன மரம் என்பது பொருட்டில்லை. பழத்தோட்டமும் சேரும். நீலகிரியின் சோலைப் புல்வெளி சேராது. அந்தப் புல்வெளியை வீண் நிலம் என்று நினைத்து, தோல் பதனிடும் பட்டைக்கும் கூழுக்கும் சீகையும் யூகலிப்டஸும் நட்டார்கள். மரவரவுக் கணக்கில் மட்டும் பார்த்தால் அவை நல்ல தோட்டங்கள். சீகை இன்று தன்னால் பரவிக்கொண்டிருக்கிறது, அதைப் பிடுங்க நீதிமன்ற உத்தரவு வேண்டியிருக்கிறது. பிடுங்கினால் கணக்குப்படி தமிழ்நாட்டின் காட்டுப் பரப்பு குறையும்!

கடைசியாக, மூங்கிலுக்கே வருகிறேன். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மேந்தா-லேகா என்ற கோண்டு கிராமம் 2009-இல் சுமார் 1800 ஹெக்டேர் காட்டின்மீது சமூக உரிமை பெற்றது. ஆனால் மூங்கிலை வெட்டி விற்கும் நிலை வந்தபோது, லாரி போவதற்கான அனுமதிச் சீட்டை எழுதும் அதிகாரத்தை வனத்துறை விடவில்லை. மூங்கில் மரமா புல்லா என்று சட்டம் படித்தவர்கள் வாதாடினார்கள். 1927 சட்டத்தில் 2017 வரை அது மரமாகவே இருந்தது. உரிமை வந்து ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கழித்து, 2011 ஏப்ரலில், மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நேரில் வந்து அந்தச் சீட்டுப் புத்தகத்தைக் கிராமசபையிடம் கொடுத்தார். அதன்பின் எந்தத் தூரில் எத்தனை கழி வெட்டலாம் என்று கிராமசபை முடிவுசெய்தது. லாரி கிளம்புமுன் சீட்டை எழுதியதும் அவர்களே.